பன்னிரண்டு ஐங்கோணங்கள்

எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுத் தாளைக் கையில் வாங்குகிற யாரும் கடைசி வரியைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. நிதானமாகப் படித்தால் 'பி24 ஆன்டிஜென்' என்ற சொல் எங்காவது கண்ணில் படும். பி என்றால் புரோட்டீன். 24 என்பது அதன் எடை, கிலோடால்டன் கணக்கில். வைரஸ் உள்ளே புகுந்து, நம் உடம்பு அதற்கெதிராக ஆன்டிபாடி தயாரித்து முடிப்பதற்கு முன்பே இந்தப் புரதம் ரத்தத்தில் தலைகாட்டிவிடும். தொற்றைச் சீக்கிரமாகக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க இதைத்தான் தேடுகிறார்கள்.

பி24-க்கு இன்னொரு பெயர் கேப்சிட். வைரஸின் மரபணுவைச் சுற்றி இருக்கும் ஓடு இந்தப் புரதத்தால் ஆனது. 1980-களிலிருந்தே ஆய்வகங்களுக்கு நன்கு பழக்கமான புரதம். ஆனால் இந்த ஓட்டைத் தாக்கும் முதல் மருந்துக்கு அங்கீகாரம் கிடைத்தது 2022-இல். நோயைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட ஒன்றை, நோயைத் தாக்கும் இடமாக யாரும் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பயன்படுத்த முடியவில்லை. அது ஏன் என்று தேடப்போய்த்தான் நான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

என் வயதுக்காரர்களில் பலருக்கு எய்ட்ஸ் பற்றிய அறிவு 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற சுவர் விளம்பரத்தோடு நின்றுபோயிருக்கும். 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் எங்கு பார்த்தாலும் அந்தக் கேள்விதான். பள்ளிக்கூடத்தில் அதைக் கிண்டலாகச் சொல்லிச் சிரிப்போம். பிறகு அந்தச் சுவர்களுக்கு வேறு வண்ணம் அடித்தார்கள், நாங்களும் வேறு வேலைகளைப் பார்க்கப் போய்விட்டோம். அதற்கப்புறம் நடந்தவற்றில் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ வெற்றிகளில் ஒன்றின் தொடர்ச்சியும், கொஞ்சம் வடிவியலும், ஒரு குரங்கும், ஒரு கண்ணாடிக் குப்பியும் இருக்கின்றன.

முதலில் பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி.யின் மொத்த மரபணுத் தொகுதி ஏறத்தாழ 9,700 எழுத்துகள். இந்தக் கட்டுரையில் உள்ள எழுத்துகளைவிடக் குறைவு. மொத்தமே ஒன்பது மரபணுக்கள். இந்தச் சிக்கனத்துக்குள் மூன்று நொதிகளுக்கான குறிப்பு இருக்கிறது. முதல் நொதி, ஆர்.என்.ஏ.வாக வந்த வைரஸை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதும். இரண்டாவது, அந்த டி.என்.ஏ.வை நம் குரோமோசோமுக்குள் ஒட்டும். மூன்றாவது, புதிதாகப் பிறக்கும் வைரஸின் நீளமான புரதச் சங்கிலியைத் தேவையான துண்டுகளாக வெட்டும். திருப்பி எழுதுபவன், ஒட்டுபவன், வெட்டுபவன்.

மருந்துகள் இந்த மூவரையும் ஒவ்வொருவராகத் தாக்கின. 1964-இல் டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய்க்காகச் செய்து, பலிக்கவில்லை என்று அலமாரியில் போட்டுவைத்த ஏ.இசட்.டி., 1987-இல் எச்.ஐ.வி.க்கான முதல் மருந்தாக வந்தது. ஹார்விட்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கவில்லை. மருந்தை விற்ற பரோஸ் வெல்கம் நிறுவனம் வைத்த விலை ஏறத்தாழ ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர். அது திருப்பி எழுதுபவனைக் குழப்பும் மருந்து. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு தப்பித்துவிட்டது. 1989-இல் வெட்டும் நொதியின் படிக வடிவம் வெளியானது. 1995 டிசம்பரில் அதற்கான முதல் மருந்து. 1996 ஜூலையில் வான்கூவர் மாநாட்டில், வெவ்வேறு இடங்களில் தாக்கும் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் வைரஸ் கண்ணுக்கே தெரியாமல் போகிறது என்று காட்டினார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். ஒட்டும் நொதிக்கான மருந்து 2007-இல் வந்தது. இடையே வைரஸ் செல்லின் கதவைத் தட்டும் கட்டத்திலேயே தடுக்கிற மருந்துகள் ஒன்றிரண்டு வந்தன, பெரிதாகப் பரவவில்லை.

ஏன் எல்லோரும் நொதிகளின் பின்னால் ஓடினார்கள்? நொதி என்பது வேலை செய்யும் புரதம். வேலை செய்ய அதற்கு ஒரு குழி வேண்டும். மூலப்பொருள் வந்து அந்தக் குழியில் உட்கார்ந்தால்தான் வெட்டவோ ஒட்டவோ முடியும். மூலப்பொருளைப் போலவே இருக்கும் போலி மூலக்கூறு ஒன்றைச் செய்து குழியை அடைத்துவிட்டால் நொதி முடங்கிவிடும். வேதியியலாளர்களுக்கு இது கைவந்த கலை. வேலை நின்றதா இல்லையா என்று சோதனைக்குழாயில் அளக்கவும் முடியும். கேப்சிட்டோ எதையும் வெட்டாது, ஒட்டாது, எழுதாது. அது ஒரு டப்பா. டப்பாவில் எதை அடைப்பது? எதை அளப்பது?

இந்த மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் துறையில் ஒரு ப்ரோகிராமில் பிழை தேடும்போது ஃபங்ஷன்களைத்தான் முதலில் பார்ப்போம், ஏனென்றால் அவைதான் 'எதையோ செய்கின்றன'. தகவலைச் சும்மா ஏந்தி நிற்கும் டேட்டா ஸ்ட்ரக்சரைக் கடைசியில்தான் சந்தேகப்படுவோம். வைரஸ் விஷயத்தில் பாடப்புத்தகங்களும் இந்த அலட்சியத்துக்குத் துணைநின்றன. வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும் ஓடு உடைந்து கரைந்துவிடும், உள்ளே இருந்த சரக்கு வெளியே வந்து தன் வேலையைத் தொடங்கும் என்றுதான் வெகுகாலம் எழுதியிருந்தார்கள். தபால் உறைக்குச் சமம். கடிதத்தை எடுத்த பிறகு உறையை யார் பார்க்கப்போகிறார்கள்?

உறையைப் பார்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் யூட்டா பல்கலைக்கழகத்தின் வெஸ்லி சண்ட்குவிஸ்ட். மின்னணு நுண்ணோக்கியில் எச்.ஐ.வி.யின் ஓடு விசித்திரமாகத் தெரியும். பெரும்பாலான வைரஸ்களின் ஓடு உருண்டையாகவோ குழலாகவோ இருக்க, இது மட்டும் கூம்பு. மெரினாவில் சுண்டல் மடித்துத் தரும் காகிதப் பொட்டலத்தின் இரண்டு முனைகளையும் உருட்டி மூடினால் எப்படியிருக்குமோ அப்படி. ஒரே வகைப் புரதம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒன்று. அவை சேர்ந்து ஒரு பக்கம் அகன்றும் ஒரு பக்கம் குறுகியும் இருக்கும் வடிவத்தை எப்படி உண்டாக்குகின்றன?

இதற்கான பதில் 1999-இல் வந்தது. பார்பி கான்சர், சண்ட்குவிஸ்ட், கேம்பிரிட்ஜின் ஜான் ஃபிஞ்ச் உள்ளிட்ட ஐவர் எழுதிய கட்டுரை. கேப்சிட் புரதம் அடங்கிய துண்டையும் ஆர்.என்.ஏ.வையும் சோதனைக்குழாயில் கலந்தபோது கூம்புகள் தாமாகவே உருவாயின. கூம்பின் கோணங்களை அளந்தார்கள். பெரும்பாலானவை 19 பாகைக்குப் பக்கத்தில். அந்த எண் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண். கார்பன் அணுக்களால் ஆன நுண்கூம்புகளில் 1994-இலேயே அதைப் பார்த்திருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்கு வருகிறது, பயப்பட வேண்டாம். வெறும் அறுகோணங்களை மட்டும் அடுக்கினால் தட்டையான தளம்தான் கிடைக்கும். தேன்கூடு மாதிரி, தரை ஓடு மாதிரி. அது வளைந்து மூட வேண்டுமென்றால் நடுவில் ஐங்கோணங்களைச் செருக வேண்டும். எத்தனை? பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் சொன்ன விதி: மூடிய திண்ம வடிவத்தின் முனைகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் எப்போதும் 2. ஒவ்வொரு முனையிலும் மூன்று முகங்கள் சந்திக்கும் அறுகோண, ஐங்கோண வலையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் அறுகோணத்தின் பங்கு சரியாகப் பூஜ்யம். ஓர் ஐங்கோணத்தின் பங்கு ஆறில் ஒன்று. 2 வர வேண்டுமென்றால் 12 ஐங்கோணங்கள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அறுகோணங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்தின் கறுப்புக் கட்டங்களை எண்ணினால் பன்னிரண்டுதான் இருக்கும்.

பன்னிரண்டையும் சமமாகப் பரப்பினால் உருண்டை. இரு முனைகளுக்கும் ஆறு ஆறாகப் பிரித்தால் குழல். குறுகிய முனையில் ஐந்து, அகன்ற முனையில் ஏழு என்று வைத்தால் கூம்பு, அதன் கோணம் 19.2 பாகை. எச்.ஐ.வி. செய்வது அதைத்தான். கேப்சிட் புரதங்கள் ஆறு ஆறாகக் கைகோத்து அறுகோணங்களாகின்றன; பன்னிரண்டு இடங்களில் மட்டும் ஐந்து ஐந்தாக.

ஒரு சின்ன விலகல். சண்ட்குவிஸ்ட் இளம் ஆய்வாளராகக் கேம்பிரிட்ஜில் வேலை பார்த்தது ஆரன் க்ளூகிடம். க்ளூக், 1962-இல் டொனால்ட் காஸ்பாருடன் சேர்ந்து, உருண்டை வைரஸ்களின் ஓடுகள் எந்த வடிவியலில் கட்டப்படுகின்றன என்று விளக்கியவர். பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடக் கட்டடங்கள் அவர்களுடைய சிந்தனைக்கு உதவின. கார்பன் பந்துகளுக்கு 'ஃபுல்லரீன்' என்று பேர் வந்ததும் அதே ஃபுல்லரால்தான். க்ளூக் லிதுவேனியாவில் பிறந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளர்ந்தவர். கதை பின்னால் தென்னாப்பிரிக்காவுக்கு வரும் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன், வேறு சம்பந்தமில்லை.

ஓட்டின் முழு வடிவம் அணு அணுவாகத் தெரிய 2013 ஆயிற்று. பிட்ஸ்பர்கில் பெய்ஜுன் ஜாங் குழு நுண்ணோக்கிப் படங்களைத் தர, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் க்ளாஸ் ஷுல்டன் குழு ப்ளூ வாட்டர்ஸ் சூப்பர் கம்ப்யூட்டரில் முழு ஓட்டையும் ஓட்டிப் பார்த்தது. நீரோடு சேர்த்து 6 கோடியே 40 லட்சம் அணுக்கள். 216 அறுகோணங்கள், 12 ஐங்கோணங்கள், மொத்தம் 1,356 புரதங்கள். (216 × 6 + 12 × 5. நானும் சரிபார்த்தேன்.) இதற்கு அவர்கள் பயன்படுத்திய மென்பொருள் ஷுல்டனின் ஆய்வகத்திலேயே பல வருடங்களாக எழுதி வளர்த்தது. எந்த வைரஸ் மருந்திலும் தன் பெயரை மென்பொருள்காரன் பார்க்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கட்டுரை ஒரு கர்வத்தைத் தந்தது, சம்பந்தமே இல்லாத கர்வம்தான் என்றாலும்.

சரி, அழகான வடிவம். ஆனால் அழகாக இருப்பதாலேயே அது மருந்துக்கான இலக்கு ஆகிவிடாது. ஓடு உடைந்தால் வைரஸுக்கு நஷ்டம் என்று யாராவது காட்ட வேண்டும். அதைக் காட்டிய இரண்டு விஷயங்கள் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவை.

முதலாவது 2002. கிறிஸ்டஃபர் எய்க்கனும் சண்ட்குவிஸ்டும் அவர்களுடைய சகாக்களும் கேப்சிட் புரதத்தில் ஒவ்வோர் இடமாக மாற்றி வைரஸ்களைச் செய்தார்கள். சில மாற்றங்கள் ஓட்டைத் தொளதொளவென்று ஆக்கின. அந்த வைரஸ்கள் தொற்றும் திறனை இழந்தன. இது எதிர்பார்த்ததுதான். வேறு சில மாற்றங்கள் ஓட்டை இன்னும் கெட்டியாக்கின. அவையும் திறனை இழந்தன! அதாவது ஓடு ஒரு குறிப்பிட்ட அளவு உறுதியோடு மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வைரஸுக்குப் பள்ளம். இது சும்மா ஒரு டப்பா என்றால் கெட்டியாக இருப்பதில் என்ன குறை? உறை என்று நினைத்தது உண்மையில் நுட்பமாகச் சுருதி சேர்த்த ஒரு பொறி.

இரண்டாவது 2004. ரீசஸ் குரங்குகளுக்கு மனித எச்.ஐ.வி. தொற்றாது. வைரஸ் அவற்றின் செல்லுக்குள் நுழையும், ஆனால் நுழைந்த சிறிது நேரத்தில் செத்துவிடும். பாஸ்டனில் ஜோசப் சோட்ரோஸ்கியின் ஆய்வகத்தில் மேத்யூ ஸ்ட்ரெம்லா குரங்கின் மரபணுக்களை மனித செல்களில் புகுத்தி, எது பாதுகாக்கிறது என்று தேடினார். அகப்பட்டது டிரிம்5-ஆல்ஃபா என்ற புரதம். அது வைரஸின் எந்த நொதியையும் தொடுவதில்லை. வந்திறங்கும் கேப்சிட் ஓட்டைத்தான் பிடிக்கிறது. பிற்பாடு இன்னொன்றும் தெரிந்தது: இந்தப் புரதம் தானும் அறுகோண வலையாகப் பின்னிக்கொண்டு ஓட்டின் மேல் வலை வீசுகிறது. பரிணாமம் நீண்ட காலமாக வைரஸ்களோடு மல்லுக்கட்டி, நொதிகளை விட்டுவிட்டு ஓட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மருந்து நிறுவனங்கள் 'இதில் குழி இல்லை' என்று ஒதுக்கிய அதே பரப்பை.

பாடப்புத்தகத்தின் தபால் உறைக் கதையும் மெல்லச் சரிந்தது. ஓடு நுழைந்ததும் கரைவதில்லை. செல்லின் உட்கரு வரை முழுதாகப் பயணம் போகிறது. இதை நம்ப முடியாமல் இருந்ததற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. உட்கருவின் சுவரில் உள்ள துளைகள் சுமார் 40 நானோமீட்டர் அகலம் என்று அளந்து வைத்திருந்தார்கள். கூம்பின் அகன்ற பக்கமோ 60. யானை எப்படி ஜன்னலில் நுழையும்? 2021-இல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் தொற்றுக்குள்ளான செல்களைக் கண நேரத்தில் உறையவைத்துப் படமெடுத்தார்கள். படத்தில் கூம்பு துளைக்குள் குறுகிய முனையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. முழு செல்லுக்குள் அளந்தபோது துளை 64 நானோமீட்டர் வரை விரிந்திருந்தது. பிரித்தெடுத்த துளைகளை அளந்ததால் வந்த சிக்கல் அது. நமக்கு இவ்வளவு நாள் தெரிந்திருந்தது சுருங்கிப்போன ஜன்னல்.

மருந்துத் தேடலும் இதற்கு இணையாக நடந்துகொண்டிருந்தது, தடுமாறிக்கொண்டு. 2003-இல் மேரிலாந்தின் மைக்கேல் சம்மர்ஸ் குழு கேப்சிட்டில் ஒட்டும் ஒரு மூலக்கூறைக் கண்டது, ஆனால் மிகவும் பலவீனம். 2010-இல் ஃபைசர் நிறுவனத்தார் பி.எஃப்-74 என்ற ஒன்றை வெளியிட்டார்கள். அது கேப்சிட் புரதங்கள் ஒன்றோடொன்று தோள் சேரும் இடுக்கில் போய் உட்கார்ந்தது. குழி இல்லை என்று சொன்னார்களே, குழி இருந்தது! தனிப் புரதத்தைப் பார்த்தால் சரியாகத் தெரியாது. இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் சந்து அது. செல்லின் சொந்தப் புரதங்கள் சில ஓட்டை உட்கருவுக்குள் வழிநடத்த அதே சந்தில்தான் கைவைக்கின்றன. ஆனால் பி.எஃப்-74-ஐ உடம்பு வேகமாகச் சிதைத்துவிட்டது, மருந்தாகவில்லை.

கலிஃபோர்னியாவின் கிலியட் நிறுவனத்தில் தோமாஸ் சிஹ்லார் உள்ளிட்டோர் இதே இடுக்கின் பின்னால் வருடக்கணக்கில் அலைந்தார்கள். கிடைத்தது லெனகாபவிர். வேதியியல் கண்ணோடு பார்த்தால் இது ஒரு பூதம். ஒரே மூலக்கூறில் பத்து ஃபுளோரின் அணுக்கள். வழக்கமான மாத்திரை மூலக்கூறுகளைவிட இரண்டு மடங்கு எடை. தண்ணீரில் கரைவதே இல்லை. வாய்வழி கொடுத்தால் பத்து சதவீதம் வரைதான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். இப்படியொரு பொருளைப் பொதுவாகக் குப்பைக்கூடையில் போடுவார்கள். ஆனால் அது வைரஸை நிறுத்தத் தேவைப்பட்ட அளவு நம்பமுடியாத அளவுக்குச் சொற்பம். அத்துடன் உடம்பு அதைச் சிதைக்கவும் வெகுநேரம் எடுத்துக்கொண்டது. கரையாததை வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி மூலம் வைத்துவிட்டால் என்ன? அங்கேயே ஒரு கட்டியாகத் தங்கி, துளித்துளியாக ஆறு மாதத்துக்கு ரத்தத்தில் கசிந்துகொண்டிருக்கும். குறையே வசதியாகிவிட்டது.

அது ஓட்டை எப்படிக் கெடுக்கிறது என்பதைப் படித்தபோது 2002-ஐ நினைத்துக்கொண்டேன். லெனகாபவிர் ஓட்டைத் தளர்த்துவதில்லை. அறுகோணங்களை விறைப்பாக்குகிறது. கூம்புக்கு வளைவு வேண்டும், வளைவுக்கு நெகிழ்வு வேண்டும். விறைத்துப்போன வலை மூடியிருக்க முடியாமல் விரிசல் விடுகிறது. புதிதாகப் பிறக்கும் வைரஸ்களிலோ ஓடு கோணல்மாணலாகச் சேருகிறது. திருப்பி எழுதுவதற்கு முன், உட்கருவுக்குப் போகும் வழியில், புதிய வைரஸ் கட்டப்படும்போது என்று ஒரே மருந்து பல கட்டங்களில் அடிக்கிறது. ஒரு நொதியை அடைக்கும் மருந்தால் இது முடியாது. வைரஸ் இதிலிருந்து தப்பவே முடியாது என்றில்லை. கேப்சிட்டின் 74-ஆவது அமினோ அமிலம் மாறினால் மருந்தின் பிடி நழுவும். அப்படியான தப்பித்தல்களைப் பார்த்தும் இருக்கிறார்கள்.

2021 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த ஊசியின் சோதனைகளை நிறுத்திவைத்தது. காரணம் வைரஸும் அல்ல, பக்கவிளைவும் அல்ல. மருந்துக் கரைசல் அடைத்திருந்த போரோசிலிகேட் கண்ணாடிக் குப்பியோடு ஒத்துப்போகவில்லை; கண்ணாடித் துணுக்குகள் மருந்தில் கலக்கக்கூடும் என்ற கவலை. ஓட்டை உடைக்கும் மருந்துக்கு அதன் ஓடே பிரச்சினை. வேறு வகைக் கண்ணாடிக்கு மாறி, 2022 ஆகஸ்டில் ஐரோப்பாவிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி வாங்கினார்கள். வேறு மருந்துகளெல்லாம் கைவிட்ட நோயாளிகளுக்கு மட்டும். முதல் வருட விலை 42,250 டாலர்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல அறிவியல் கதை, அவ்வளவுதான். அடுத்து வந்ததுதான் பெரிது. ஆறு மாதம் தங்குகிற ஒன்றை நோய் வந்தவருக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? வராமலே தடுக்கலாமே.

தடுப்பு மாத்திரை 2012 முதலே இருக்கிறது. தினமும் ஒன்று போட வேண்டும். போட்டால் நன்றாகவே காக்கும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் ஒரு நகரியத்தில் இருக்கும் பதினெட்டு வயதுப் பெண் அதை எங்கே வைத்துக்கொள்வாள்? குப்பி குலுங்கினால் சத்தம் கேட்கும். அம்மா பார்த்தால் கேள்வி, காதலன் பார்த்தால் சந்தேகம், எச்.ஐ.வி. மாத்திரைதானே, உனக்கு வந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டுப் பேச்சு. நோயே இல்லாதவள் நோயாளியின் டப்பாவைச் சுமக்க வேண்டும். 'மறந்துவிடுகிறார்கள், பொறுப்பில்லை' என்று புள்ளிவிவரம் எழுதுகிறவர்களுக்குச் சொல்வது சுலபம். நம் வீட்டில் ஒரு பெண் கருத்தடை மாத்திரையைக் கைப்பையின் எந்த அறையில் வைக்கிறாள் என்று யோசித்துப் பார்த்தால் போதும்.

பர்பஸ்-1 என்ற ஆய்வு தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 5,338 பெண்களிடம் நடந்தது. ஒரு பிரிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெனகாபவிர் ஊசி, மற்ற இரண்டு பிரிவுகளுக்குத் தினசரி மாத்திரைகள். மாத்திரைப் பிரிவு ஒன்றில் 2,136 பேரில் 39 பேருக்குத் தொற்று வந்தது. இன்னொன்றில் 1,068 பேரில் 16 பேருக்கு. எந்தத் தடுப்பும் இல்லாத பெண்களின் நிலைமையிலிருந்து இது பெரிதாக வேறுபடவில்லை. மாத்திரையைத் தொடர்ந்து போட்டவர்கள் சிலரே. ஊசிப் பிரிவில் 2,134 பேர். தொற்று வந்தவர்கள் பூஜ்யம்.

2024 ஜூலையில் மியூனிக் மாநாட்டில் கேப் டவுனின் லிண்டா-கெயில் பெக்கர் இந்த எண்ணைச் சொன்னபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மருத்துவ ஆய்வுகளில் பூஜ்யம் என்பது அபூர்வமான எண். அடுத்து ஆண்களிடமும் திருநர்களிடமும் நடந்த பர்பஸ்-2 ஆய்வில் ஊசி போட்டுக்கொண்ட 2,179 பேரில் இருவருக்குத் தொற்று வந்தது. அவர்களிடம் இருந்த வைரஸில் அந்த 74-ஆவது இடம் மாறியிருந்தது. 2025 ஜூனில் எஃப்.டி.ஏ. இதைத் தடுப்பு மருந்தாக அனுமதித்தது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் அறிவித்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர்.

இந்த மருந்தைப் பெரிய அளவில் தயாரித்தால் என்ன விலைக்குத் தர முடியும் என்று லிவர்பூலின் ஆண்ட்ரூ ஹில் குழு 2024-இல் கணக்குப் போட்டது. அவர்களுக்கு வந்த எண் ஆண்டுக்குச் சுமார் 40 டாலர். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுநூறு மடங்கு. ஆராய்ச்சிச் செலவு, தோற்றுப்போன மூலக்கூறுகளின் செலவு எல்லாம் இருக்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கூம்பின் கோணத்தை அளந்ததும், குரங்கின் மரபணுவைத் தேடியதும், சூப்பர் கம்ப்யூட்டரை ஓட்டியதும் பெரும்பாலும் பொதுப்பணத்தில் நடந்தவை. விலையைப் பற்றிப் பேசும்போது அந்த இருபது வருடம் கணக்கில் காணாமல் போய்விடுகிறது என்பதில் எனக்கு எரிச்சல் உண்டு.

நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா, மூன்று மருந்துக் கூட்டை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அப்போது மேற்கில் அதன் விலை பத்தாயிரத்துக்கும் மேல். மருந்து இருந்தும் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. வான்கூவர் கைதட்டலுக்கும் அந்த 350 டாலருக்கும் நடுவே ஏறத்தாழ ஐந்து வருடம்.

இந்த முறை இடைவெளி குறைவு. 2024 அக்டோபரிலேயே கிலியட், ஆறு ஜெனரிக் நிறுவனங்களுக்கு 120 நாடுகளில் விற்கும் உரிமம் கொடுத்தது. 2025 செப்டம்பரில் ஹைதராபாதின் ஹெட்டரோவும் டாக்டர் ரெட்டீஸும் 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக அறிவித்தன. ஹில் சொன்ன அதே எண். நடுவில் 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை முடக்கியதில், ஊசி போட வேண்டிய மருத்துவமனைகளும் அங்கே பெண்களை அழைத்துவரும் களப்பணியாளர்களும் பல இடங்களில் நின்றுபோனார்கள். நாற்பது டாலர் ஊசியையும் யாராவது போட்டுவிட வேண்டுமே.

120 நாடுகளின் பட்டியலில் பிரேசில் இல்லை. அர்ஜென்டினா, மெக்சிகோ, பெருவும் இல்லை. 'நடுத்தர வருமானம்' உள்ள நாடுகள், தனியாக விலை பேசிக்கொள்ள வேண்டியவை. பர்பஸ்-2 ஆய்வுக்காக வயிற்றை நீட்டி ஊசி வாங்கிக்கொண்டவர்களில் இந்த நான்கு நாட்டு மக்களும் இருந்தார்கள்.